ஏழாவது உதை: மூன்று பிரதிகள்

நான் ஒரு சினிமா இயக்கியிருக்கிறேன். முக்கால் சினிமா. நான் வேலை பார்ப்பது தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில், கப்பல் சரக்குக்குத் தாள் எழுதுகிற வேலை. அங்கே யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் மீதிக் கால் எங்கே என்று கேட்பார்கள்.

படத்தின் பெயர் 'ஏழாவது உதை'. கராத்தே படம். கதாநாயகனுக்கு ஆறு உதை தெரியும். ஏழாவது உதை ரகசியம், கிளைமாக்சில்தான் வரும். கதாநாயகன் என் கூட்டாளி கிளாட்வின். அவனுக்கு உண்மையில் தெரிந்தது நான்கு உதைதான். கல்யாண வீடியோ எடுக்கும் முருகேசன் அண்ணாச்சியிடம் கேமராவை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் எடுத்தோம். (உப்பளத்தில் ஒருநாள் எடுக்கப் போனோம். உப்புக் குவியல்மேல் கிளாட்வின் உருண்டதும் உப்பளக்காரர்களோடு உண்மையான சண்டையே வந்துவிட்டது.)

ஏழாவது உதையை எடுப்பதற்குள் கிளாட்வின் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிய தோணியில் வேலைக்குப் போனான். "போயிட்டு வா, வந்து எடுப்போம்" என்றுதான் வழியனுப்பினேன். தோணி காற்றில் மாட்டியது. நான்கு பேர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. அவன் உடம்பும் வரவில்லை. அவன் மனைவி ஜெனிட்டாவுக்கு அப்போது ஐந்து மாதம்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் நான் கிளாட்வின் வீட்டுத் தெருவுக்கே அதிகம் போகவில்லை. கேசட்டுகள் என் பீரோவில் கிடந்தன. நகல் இரண்டு பேரிடம் இருந்தது. ஆளுக்கு ஒரு விதமாகப் படத்தை முடித்து வைத்தார்கள்.

முதல் பிரதி கிளாட்வினின் தம்பி நெல்சனுடையது. குவைத்தில் இருந்தவன், லீவில் வந்தபோது அண்ணனுக்குப் பதில் தானே நடித்துவிட்டான். முகம் தெரியக்கூடாது என்று முதுகை மட்டும் காட்டினான். அதனால் கதாநாயகன் முன்னாலிருந்து பார்த்தால் ஒல்லி, திரும்பினால் தொண்ணூறு கிலோ. படம் முழுக்க அண்ணனுக்குக் குரல் கொடுத்ததும் அவன்தான். (கிளாட்வினுக்குக் கீச்சுக் குரல். உதைக்கு முன் அவன் கத்தினால் பூனைகள் திரும்பிப் பார்க்கும்.)

இரண்டாவது முருகேசன் அண்ணாச்சியுடையது. அவருக்குக் கல்யாண வீடியோ மட்டுமே தெரியும். அதனால் வில்லன் உதை வாங்கினால் இதய வடிவத்துக்குள் சுருங்கி மறைவான். ஏழாவது உதை வரவேண்டிய இடத்தில் ரோஜாப்பூ மழை பெய்யும். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே வயலின்.

இதையெல்லாம் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. நான்தானே இயக்குநர்? போன வருஷம் மூன்றாவது பிரதியைத் தயார் செய்தேன். வயலின் கிடையாது, டூப் கிடையாது, அசல் ஒலி. கடல் இரைச்சலை மட்டும் நீக்க ஒரு மென்பொருள் வாங்கினேன். கிளாட்வின் முகம் தெரிகிற ஒரு நொடியைக்கூட வெட்டக்கூடாது என்பது என் கொள்கை. மற்ற இருவரும் கத்தரித்த துண்டுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தேன். இத்தனையும் ஆபீசில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேனேஜர் காதில் விழாதபடி சத்தத்தை அணைத்து வைத்துக்கொண்டு.

சத்தத்தை அணைத்து வைத்துக்கொண்டு. இதை இரண்டு தடவை எழுதக் காரணம் இருக்கிறது.

கிளாட்வின் நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் மூன்றையும் போட்டு ஒப்பிட்டுக் காட்டுவதாக நானே முந்திக்கொண்டு அறிவித்தேன். எழுபது, எண்பது பேர் வந்தார்கள். ஜெனிட்டா முன்வரிசையில், பக்கத்தில் காலேஜ் படிக்கும் மகள் அனிஷா. நான் மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் பேசினேன். நெல்சனின் முதுகு அழகியல் பிழை என்றேன். ரோஜாப்பூ ஒரு கலைஞனுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றேன். (மேடையில் ஏறினால் எனக்கு இப்படித் தமிழ் வந்துவிடும்.) "உண்மையான கிளாட்வினை இப்போது கேட்கப் போகிறீர்கள்" என்று சொல்லி என் பிரதியைப் போட்டேன்.

நன்றாகத்தான் போனது. கடல் சத்தம் அறவே இல்லை. ஆறாவது உதைக் காட்சி. கிளாட்வின் ஓடிவந்து குதித்து, மணலில் மல்லாக்க விழுந்தான். மற்றவர்கள் அந்த இடத்தில் வெட்டிவிட்டார்கள். நான் வெட்டவில்லை. அவன் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்தான். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது.

"ஏலே சவத்துப்பயலே, நீ செத்தாத்தாம்ல இந்தப் படம் முடியும்!"

என் குரல்.

நான் லேப்டாப்பின் மேல் பாய்ந்தேன். நிறுத்துவதற்குப் பதில் பதற்றத்தில் பின்னால் தள்ளிவிட்டேன். கிளாட்வின் மறுபடி ஓடிவந்தான், மறுபடி விழுந்தான், நான் மறுபடி அவனைச் சாகச் சொன்னேன். கை பட்டு இந்தத் தடவை சத்தமும் கூடியிருந்தது.

வயரைப் பிடுங்கிவிட்டு மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு ஓடினேன். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை அங்கேதான் அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்று ராஜாக்களுக்கும் ஓர் ஒட்டகத்துக்கும் நடுவில் உட்கார்ந்தேன். ஊரைவிட்டுப் போய்விடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. தினமும் அவனைத் திட்டியிருக்கிறேன், எதை ஞாபகம் வைப்பது? ஆனால் இருபது வருஷமாக நான் அந்தத் தெருவுக்குப் போகாததற்கு உடம்புக்குள் எங்கேயோ இதுதான் காரணமோ என்று தோன்றியது.

கதவு திறந்தது. முருகேசன் அண்ணாச்சி.

"தம்பி," என்றார் மெதுவாக, "இதுக்குத்தான் நான் வயலின் போடுதேன்."

அவருக்குப் பின்னால் ஜெனிட்டா நின்றாள். நான் எழுந்தேன். ஒட்டகம் விழுந்தது.

"மன்னிச்சிரு ஜெனிட்டா. அது வெளாட்டுக்கு..."

"அண்ணே, அதுக்கப்புறம் அவரு என்னவோ சொன்னாரே. நீங்க வயரைப் புடுங்கிட்டீங்க. அதை இன்னொரு தடவை போடுங்க."

"வேண்டாம்மா."

"போடுங்கண்ணே. அவரு குரல் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. போட்டோதான் இருக்கு. இந்தப் பிள்ளை கேட்டதே இல்ல."

போட்டேன். பங்குச் சாமியார் உட்பட அத்தனை பேரும் பார்க்க, நான் மூன்றாவது தடவையாக என் கூட்டாளியைச் சாகச் சொன்னேன். திரையில் கிளாட்வின் தலையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே கீச்சுக் குரலில் சொன்னான்:

"அப்ப முடியவே முடியாதுலே!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். மூச்சு வாங்க, விக்கல் எடுக்கிற மாதிரி, நீளமான சிரிப்பு.

அனிஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு இவ்வளவு கீச்சுக் குரலாம்மா?" என்று கேட்டாள். ஜெனிட்டா ஆமாம் என்று தலையாட்டினாள். நெல்சன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. அந்த முதுகைத்தான் நான் அரைமணி நேரம் கேலி செய்திருந்தேன்.

எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணவில்லை. ஒப்பீட்டுக் கூட்டம் அத்தோடு முடிந்தது. எந்தப் பிரதி சிறந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு அனிஷா அந்தப் பத்து நொடியை மட்டும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போனாள்.

அது இப்போது அவளுடைய ரிங்டோன். என் பகுதியை வெட்டித் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "நீங்க திட்டினாத்தான அப்பா சிரிக்காங்க, மாமா" என்கிறாள். பஸ்சில், பேங்க் வரிசையில், பிரசங்கத்துக்கு நடுவில் என்று நான் ஊர் முழுக்கச் சாபம் விட்டுக்கொண்டிருக்கிறேன். என் மனைவி விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவதே "அனிஷா போன்ல திட்டுதது இவங்கதான்" என்றுதான். போன மாதம் ஒரு துக்க வீட்டில், பெட்டியை மூடப் போகிற நேரத்தில் அவள் போன் அடித்தது. கூட்டம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. "எடுத்துத் தொலைளா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவள் உடனே எடுக்க மாட்டாள். சிரிப்பு முடிகிற வரைக்கும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள்.