கியருக்கு மனமொத்த மாறுதல்

மலையோரச் சுகாதார அலுவலகத்துக்குச் சொந்தமாக இரண்டு குட்டி ஜீப்புகள் இருந்தன. ஒன்று மலைக்குப் போக வேண்டியது, ஆனால் ஏறாது. இன்னொன்று எந்த மலையிலும் ஏறக்கூடியது, ஆனால் போகாது. நிர்வாகம் என்றால் இதுதான் என்று சொல்லிவிட்டுக் கதையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அலுவலகத்து மெக்கானிக் இதைச் சரிசெய்யலாம் என்று நினைத்துத் தொலைத்ததால் மேலே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏறக்கூடிய ஜீப் துணை இயக்குநருடையது. அந்த வருஷம் அதிகாரிகள் நடுவே காட்டு வண்டி மோகம் தலைவிரித்தாடியது. பக்கத்து அலுவலக அதிகாரி ஜீப்பின் கூரையில் இரண்டு விளக்கு வைத்தால் இவர் நாலு வைத்தார். அவர் முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய உருளையைப் பூட்டினால், இவர் வெள்ளத்தில் இறங்கும்போது எஞ்சின் மூச்சுவிடுவதற்கு ஒரு குழாயை நட்டார். தனக்குப் பதினாறு பை வைத்த கையில்லாத கோட்டு வாங்கிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, செங்குத்தில் ஏறுவதற்கென்றே செய்த பலமான கியர். இத்தனை சீரோடும் அந்த வண்டி தினமும் அவர் வீட்டிலிருந்து கூட்ட அரங்குக்குத் தார் ரோட்டில் போய்வந்தது. வழியில் அது ஏறிய ஒரே மேடு அலுவலக வாசலில் இருந்த வேகத்தடை.

மலைக்குப் போக வேண்டிய ஜீப்பில் நர்ஸ் போவாள். அவள் மெக்கானிக்கின் மனைவி. மடியில் தடுப்பூசிப் பெட்டி, பெட்டிக்குள் ஐஸ். கடைசி ஏற்றம் வரைக்கும் வண்டி ஓடும். அங்கே போனதும் முக்கும், முனகும், பின்னால் நழுவும். டிரைவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். நர்ஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடப்பாள். பாதி நாள் அவள் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகிவிடும். கெட்டுப்போன மருந்தைக் கொட்டிவிட்டு, குழந்தைகளோடு காத்திருந்த அம்மாக்களிடம் அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டு வருவாள். முழங்கால் வீங்கியிருக்கும். வாய் சும்மா இருக்காது.

"ஊர் வண்டியெல்லாம் பழுது பாக்கறீங்க. கட்டினவ நடந்து சாகறது மட்டும் கண்ணுக்குத் தெரியாது."

"வண்டியில பழுது இல்லம்மா. கியர்தான் சமவெளிக்குச் செஞ்சது. துணை இயக்குநரோட வண்டியில இருக்கறது மலைக்குச் செஞ்சது. ரெண்டு ஜீப்பும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. கழட்டி மாத்தினா முடிஞ்சுது. ரெண்டு நாள் வேலை."

"அப்ப மாத்துங்களேன்."

"கேக்காம எப்படி மாத்தறது? முறைப்படி ஒரு மனு குடுக்கறேன்."

இந்தக் கதையில் மெக்கானிக் செய்த ஒரே தப்பு இதுதான். மனு கொடுத்தான்.

மனு தலைமை எழுத்தரிடம் போனது. அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் உட்பிரிவு. யாராவது தும்மினாலும் அது எந்த விதியின் எந்த உட்பிரிவில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கைக்குட்டை கொடுப்பார். அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்தார்.

"டிஃபரன்ஷியல்னு எழுதியிருக்கே. அது என்ன?"

"ரெண்டு சக்கரத்துக்கு நடுவில ஒரு இரும்பு உருண்டை தொங்குமே, அதுக்குள்ள இருக்கற கியர் சார். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"எத்தனை வருஷமா இருக்கு?"

"ஆறு வருஷமா."

"ஒரே இடத்திலயா?"

"ஆமா சார்."

உட்பிரிவின் முகம் மலர்ந்தது. "மூணு வருஷத்துக்கு மேல ஒரே இடத்தில இருந்தா மாறுதலுக்குத் தகுதி உண்டு. ஆனா பாரு, உதிரிப் பாகத்தை ஒரு வண்டியிலேருந்து இன்னொரு வண்டிக்கு மாத்த நம்மகிட்ட படிவம் இல்லை. ஊழியரை மாத்தத்தான் இருக்கு. இது அங்க போகுது, அது இங்க வருது. இதுக்குப் பேரு மனமொத்த மாறுதல்."

"சார், இது இரும்பு."

"படிவத்தில அப்படி ஒரு கேள்வியே இல்லையே. எதுக்கு வீணா கிளறறே?"

ஆக, நாலு டிஃபரன்ஷியலுக்கும் நாலு பணிப்பதிவேடு திறக்கப்பட்டது. பிறந்த தேதி என்ற இடத்தில் தயாரிப்புத் தேதி எழுதப்பட்டது. அங்க அடையாளம் என்ற இடத்தில் 'அடிப்பாகத்தில் எண்ணெய்க் கசிவு' என்று மெக்கானிக்கே எழுதினான். சமவெளிக் கியர்கள் மலைக்குச் சம்மதித்ததாகவும் மலைக் கியர்கள் சமவெளிக்குச் சம்மதித்ததாகவும் நாலு சம்மதக் கடிதம் கேட்டார்கள். கைநாட்டு போதும் என்று உட்பிரிவு பெரிய மனசு பண்ணினார். மெக்கானிக் கியரின் பல்லில் மையைத் தடவிக் காகிதத்தில் ஒற்றிக் கொடுத்தான்.

கோப்பு துணை இயக்குநரின் மேஜைக்குப் போனது. அவருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். மலைக் கியரோடு தார் ரோட்டில் அறுபதைத் தாண்டினால் அவருடைய ஜீப் ஊளையிட்டது. முந்தின வாரம் ரொட்டிக்கடை வேன் ஒன்று அவரை முந்திக்கொண்டு போயிருந்தது. அந்த அவமானம் அவரைத் தூங்கவிடவில்லை.

"வேகமாவும் போகணும்," என்றார். "ஆனா மலை வண்டிங்கற பேரும் போகக்கூடாது. பக்கத்து ஆபீஸ்காரன் சிரிப்பான்."

உட்பிரிவு இருமினார். "அதுக்கும் விதியே வழி சொல்லுதுங்க ஐயா. ஒரு பிரிவிலேருந்து ஒரே சமயத்தில பாதிக்கு மேல ஆளை மாத்தக்கூடாது. ஒரு வண்டிக்கு ரெண்டு டிஃபரன்ஷியல். அதனால ஒண்ணைத்தான் மாத்த முடியும். பின்னாடி இருக்கறதை மாத்துவோம். முன்னாடி இருக்கறது அனுபவசாலியா அங்கேயே இருக்கட்டும்."

ஓரமாக நின்றிருந்த மெக்கானிக் குறுக்கே வந்தான். "ஐயா, ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும். மலையில நாலு சக்கரமும் இழுக்கணும்னு லீவரைப் போட்டா, முன்சக்கரம் ஒரு வேகத்தில போகும், பின்சக்கரம் ஒரு வேகத்தில போகும். வண்டி தன்னோடயே மல்லுக்கட்டும்."

"நம்ம ஆபீஸ் அப்படித்தானே இத்தனை வருஷமா ஓடுது," என்றார் உட்பிரிவு. அதில் கேலியே இல்லை.

உத்தரவு வந்தது. மெக்கானிக் உத்தரவுப்படி இரண்டு வண்டியிலும் பின்னால் இருந்ததை மட்டும் மாற்றினான். துணை இயக்குநரின் ஜீப் தார் ரோட்டில் பறந்தது. அவர் வாழ்நாளில் அந்த நாலுசக்கர லீவரைத் தொட்டதில்லை, ஆகையால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ரொட்டிக்கடை வேனைத் தேடிப் போய் முந்திவிட்டு வந்தார்.

மலை ஜீப் கடைசி ஏற்றத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு மேட்டில் நின்றது. டிரைவர் லீவரைப் போட்டார். இரண்டு மாட்டை ஆளுக்கொரு திசையில் பூட்டிய மாதிரி வண்டி துள்ளியது, கடகடவென்று ஆடியது, இறுகிப்போய் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. நர்ஸ் இந்தத் தடவை ஏழு கிலோமீட்டர் நடந்தாள். அன்றைக்கு முப்பத்தொரு குழந்தைக்கான ஊசி வீணாய்ப் போனது.

வீட்டுக்கு வந்தவள் திட்டவில்லை. முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டாமல் இருந்தால் மெக்கானிக்கால் தாங்க முடியாது.

"மறுபடியும் ஒரு மனு..." என்று ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸில யார் இருப்பாங்க?" என்று கேட்டாள் அவள்.

யாரும் இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பட்டறைக் கதவைத் திறந்தார்கள். விடுமுறை நாளில் இரண்டு ஜீப்பும் அங்கேதான் நிற்கும். அவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கையை நீட்ட, ஆபரேஷன் அறையில் டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கிற லாகவத்தில் அவள் ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துக் கொடுத்தாள். பத்தாம் நம்பரா பன்னிரண்டா என்று அவன் வாயைத் திறப்பதற்குள் கையில் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் குற்றம் அது. சாயங்காலத்துக்குள் முன்னால் இருந்த இரண்டும் இடம் மாறின. அவள் மூக்கு நுனியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அவன் சொல்லவில்லை, நன்றாக இருந்தது.

மறுநாள் மலை ஜீப் கடைசி ஏற்றத்தில் முனகாமல் ஏறியது. பெட்டியில் ஐஸ் கட்டியாக இருந்தது. அந்த மாதம் மேலே இருந்த ஒரு குழந்தையும் ஊசிக்குத் தப்பவில்லை. அந்தக் குழந்தைகள் தவிர எல்லாருக்கும் சந்தோஷம்.

அரசாங்கத்தில் ஒரு வேலை ஒழுங்காக நடந்தால் விசாரணை வராமல் போகுமா? வந்தது. தடுப்பூசிக் கணக்கு திடீரென்று நூற்றுக்கு நூறாக இருந்ததைப் பார்த்து மிரண்டுபோன தலைமை இயக்குநர் நேரில் வந்துவிட்டார்.

"இது எப்படி நடந்தது?"

உட்பிரிவு கோப்பை விரித்தார். "பாதி மாறுதல்ங்க ஐயா. ஒரு டிஃபரன்ஷியலை மட்டும் மாத்தினோம். மெக்கானிக் வேண்டாம்னுதான் சொன்னார். நாங்கதான் விதியை நம்பினோம்."

தலைமை இயக்குநர் மெக்கானிக்கைப் பார்த்தார். "இப்ப ஒத்துக்கறீங்களா?"

மெக்கானிக் எழுந்தான். "ஐயா, ஒரு ஞாயித்துக்கிழமை..." என்று தொடங்கினான்.

உட்பிரிவு அவன் காதோரம் குனிந்தார். "அனுமதியில்லாம அரசாங்கச் சாமானைத் தொட்டா வேலை போயிடும். கூட யாராவது ஊழியர் இருந்திருந்தா அவங்க வேலையும் போயிடும். பொதுவாச் சொல்றேன்."

"...ஞாயித்துக்கிழமை யோசிச்சுப் பாத்தேன் ஐயா. நீங்க செஞ்சதுதான் சரி," என்று சொல்லி உட்கார்ந்தான்.

ஒரு மாதத்தில் மேலிடத்து ஆணை வந்தது. துறையில் உள்ள நாற்பது ஜீப்புகளிலும் பாதி மாறுதல் செய்ய வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு மெக்கானிக்குக்கு. கூடவே, திட்டத்தின் வெற்றியை எல்லாரும் கண்டு பயனடைய, மலை ஜீப்பைத் தலைமை அலுவலக வாசலில் உயரமான மேடை கட்டி நிரந்தரமாக நிறுத்திவைக்க வேண்டும்.

மேடை ஆளுயரம். சாய்தளம் கட்டியவர் இடத்தை மிச்சம் பிடித்ததில் அது சுவர் மாதிரி நின்றது. வேறெந்த வண்டியும் அதில் ஏறாது. திறப்பு விழா நாளில் துணை இயக்குநர் பதினாறு பைக் கோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மலைக்குப் போகிற நாள் என்பதால் நர்ஸ் பெட்டியோடு ஓரமாக நின்றாள்.

டிரைவர் லீவரைப் போட்டார். நாலு சக்கரமும் ஒரே வேகத்தில் பிடித்தன. ஜீப் துள்ளாமல், வழுக்காமல், அலுங்காமல் செங்குத்தில் ஏறி மேடை நடுவில் போய் நின்றது. டிரைவர் இறங்கியதும் சக்கரங்களை மேடையோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டினார்கள்.

முதல் கைதட்டல் மெக்கானிக்குடையது. அத்தனை அழகாக ஏறியது வண்டி, அவனால் அடக்க முடியவில்லை. அப்புறம்தான் எல்லாரும் தட்டினார்கள்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"கோப்பில," என்றான் அவன், இன்னும் தட்டிக்கொண்டே.

அவள் பெட்டியைத் தோளில் மாட்டினாள். "நீங்க தட்டி முடிச்சிட்டு வாங்க. ஐஸ் உருகுது, நான் நடக்கறேன்."