வட்டியை இறக்கப் போன லக்கேஜ் ஆட்டோ

எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அரசியல் புரிந்துவிட்டதாகத் தோன்றினால், அவன் குடும்பம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எனக்கு அப்படி ஒருமுறை தோன்றியது.

கொள்ளேகாலில் கிளம்பி, லாரி கிளீனர், ஹோட்டல் சப்ளையர், தார் ரோடு போடும் கூலி என்று ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த இடத்தில் படுத்து, கடைசியில் மைசூரில் ஒரு லக்கேஜ் ஆட்டோவோடு நின்றவன் நான். ஒரு மகள்; மனைவி சாந்தி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாடகை வீட்டில் காலண்டர் மாட்டக்கூட ஓனரிடம் அனுமதி கேட்டு அலுத்தவள். சொந்தச் சுவரில் ஒரே ஒரு ஆணி அடிக்க வேண்டும், அதுதான் அவள் ஆசை.

வீடும் கிடைத்தது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற ரங்கநாதன் சாருடையது. சந்து வெறும் மண், மழை பெய்தால் சேறு. அதனால் விலையும் எங்களுக்கு எட்டியது. சாந்தி பேரில் பேங்கில் கடனும் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துதான் பாக்கி.

அப்போது பார்த்துச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. டீக்கடை முனையில் ஒரு வேட்பாளர், "எங்க ஆட்சி வந்தா வீட்டுக்கடன் வட்டி குறையும்!" என்றார். நான் டீயைக்கூடக் குடிக்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

"சாந்தி, கையெழுத்துப் போடாதே. ஆட்சி மாறட்டும், வட்டி சரசரன்னு இறங்கும்."

"ஏனுங்க, அந்தாளு சொன்னா பேங்குக்காரங்க கேப்பாங்களா?"

"உனக்கு அரசியல் புரியாது."

(இந்த வாக்கியம் வாராவாரம் எனக்கே திரும்பி வருகிறது.)

சும்மா காத்திருந்தாலாவது பிழைத்திருப்பேன். ஆட்டோவில் மைக் கட்டி, பிரச்சாரத்துக்கே இறங்கிவிட்டேன். "வட்டி குறையும்! இந்தச் சந்துக்குத் தார் ரோடு வரும்!" ரங்கநாதன் சார் கேட்டைத் திறந்து வந்தார்.

"ஏனப்பா, நிஜமா ரோடு வருமா? இல்ல, சும்மனே கத்துறியா?"

"என் ஆட்டோ மேல சத்தியம் சார்! முதல் வேலையே உங்க சந்துதான்!"

தாடையைத் தடவியபடி உள்ளே போனார். ஒரு ஓட்டு தேறிவிட்டது என்று நான் பூரித்தேன்.

ஜெயித்தோம். என் கழுத்தில் கட்சித் துண்டு போட்டார்கள். சொந்தக் காசில் சந்து முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். பதவியேற்பு முடிந்து சில வாரம் பொறுத்து, அதே துண்டோடு சாந்தியை அழைத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன்.

"மேடம், ஆட்சி மாறிடுச்சு. வட்டிய மாத்திடுங்க."

அந்தப் பெண் அதிகாரி என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், நீங்க மாத்தினது பெங்களூரு சர்க்கார். வட்டி விஷயமெல்லாம் மும்பைல முடிவாகுது. நீங்க மைக்ல இருந்த நேரத்துல அங்க ஏத்திட்டாங்க."

சாந்தி என் பக்கம் திரும்பினாள். ஊசி போடுவதற்கு முன் நோயாளியைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

வீடாவது கைநழுவாமல் இருக்கட்டும் என்று சந்துக்கு ஓடினோம். ரங்கநாதன் சாருக்கு வாயெல்லாம் பல்.

"வாப்பா! நீ சொன்ன மாதிரியே ரோட்டுக்கு அளவெடுத்துட்டுப் போயிட்டாங்க. தார் ரோட்டு வீட்டுக்கு மண் ரோட்டு விலை சொல்ல முடியுமா? நீயே சொல்லு."

வாயைத் திறந்தேன். "நீங்க பேசவே வேண்டாமுங்க," என்றாள் சாந்தி. வளையலைக் கழற்றி அடகு வைத்து, கடன் தவணையையும் நீட்டி, அதே வீட்டை அவளே பேசி முடித்தாள். தவணைக்காக நான் விடியற்காலையில் காய்கறி லோடும் அடித்தேன். உடம்புக்கு அதெல்லாம் பழக்கம்தான்.

ரோடும் வந்தது. ஜல்லிமேல் தாரைத் தெளித்த அழகைப் பார்த்தபோதே, பழைய கூலிக்காரனான எனக்கு அதன் ஆயுசு தெரிந்துவிட்டது. முதல் மழையில் போய்விட்டது. தவணை மட்டும் இன்னும் ஓடுகிறது.

குடிபோன அன்று சாந்தி தன் முதல் ஆணியை அடித்தாள். சாமி படம் மாட்டுவாள் என்று நினைத்தேன். என் கட்சித் துண்டை மாட்டினாள். இன்றும் கூடத்தில் அதுதான் தொங்குகிறது. விருந்தாளி யாராவது கேட்டால், காபி வருவதற்குள் என் மகள் முந்திக்கொள்வாள்:

"அதா அங்கிள்? நாட்டுலேயே தான் வாங்கப் போற வீட்டு விலைய ஏத்தச் சொல்லி மைக் கட்டி ஓட்டு கேட்டது எங்கப்பா ஒருத்தர்தான். அதுக்குப் போட்ட துண்டு!"