சோப்பு ஆலையில் ஐந்து ‘ஏன்’

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் முதுகுவலியும் உன் கையெழுத்தும் தேறியிருக்கும் என நம்புகிறேன்.

‘என் மருமகள் சோப்பு ஆலையில் செயல்முறைப் பொறியாளராம், கடிகாரத்தோடு நின்று இயந்திரங்களை வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளமாம், உன் பள்ளியில் அவளுக்கு ஒழுங்கான வேலை பார்’ என்று போன மாதம் எழுதினேனே, அதைக் கிழித்துப் போடு. நேற்று ஆலையில் குடும்பத்தார் பார்வையிடும் நாள். நிமிடத்துக்கு இருநூறு சோப்பு, வரிசை குலையாமல் வந்து உறை மாட்டிக்கொண்டு போகின்றன. கான்வென்ட்டில் மதர் பிரம்போடு நின்றும் நாங்கள் அப்படி நடந்ததில்லை. தேநீர் இடைவேளை முடிந்ததும் எல்லா உறையும் கோணல்! இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். “எந்தக் கழுதை பண்ண வேலை இது?” என்று மேலாளர் குதிக்கிறார். இயந்திரம் ஓட்டும் பெரியவரைப் பார்த்து, “இன்னியோட நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்கிறார். அவருக்கு ஓய்வுபெற ஆறே மாதம்தான் பாக்கி.

அப்போதுதான் நம் மருமகள் வாய் திறந்தாள். “யாருன்னு கேட்டா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க சார். ஏன்னு கேளுங்க.” உறை ஏன் கோணல்? சோப்பு சாய்ந்து வருகிறது. ஏன்? பக்கத்துக் கம்பி ஒரு விரல் நகர்ந்திருக்கிறது. ஏன்? இடைவேளையில் பெரியவர் கழற்றித் துடைத்து மாட்டினார். இத்தனை வருஷமாகச் சரியாக மாட்டியவர் இன்று ஏன் தவறினார்? கம்பி நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிவப்புக் கோடு இல்லை. ஏன் இல்லை? யாரோ அழித்திருக்கிறார்கள்.

“யாரு அழிச்சது?” என்று மேலாளர் மறுபடி குதித்தார்.

“துடைச்சா போற மாதிரி கோடு போட்டது நம்ம தப்பு சார். மெஷின் ஓட்டுற அண்ணனை விட்டுடுங்க” என்றாள். அளந்து பார்த்து ஆணியால் புதுக்கோடு கீறினாள். கம்பி நகர்ந்தது. இருநூறு சோப்பும் மறுபடி நிமிர்ந்து நடந்தன! மதர் வகுப்புக்குள் வந்ததைப் போல நான் எழுந்து நின்றுவிட்டேன். கோட்டை அழித்த ஒழுக்கம் கெட்ட ஜென்மத்தை அவள் தேடவே இல்லை என்பதுதான் என் ஒரே குறை. நானாக இருந்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

அக்கா

பின்குறிப்பு: ‘ஒழுக்கம் கெட்ட ஜென்மம்’ என்பதை அடித்துவிடு. பளபளக்கும் தகட்டில் ஏதோ அழுக்கு என்று நேற்று காலையில் கைக்குட்டையால் துடைத்தது நான்தான். பெரியவர் திட்டு வாங்கியபோதும் நான் வாய் திறக்கவில்லை. இதே தபாலில் அவருக்கும் ஒரு கடிதம் போகிறது. இன்று மருமகள் அந்தக் கைக்குட்டையைத் துவைத்து, சிவப்புக் கறை மேலே தெரிய மடித்து, என் கையில் கொடுத்தாள்.

“கறை போகலை அத்தை. பரவாயில்லை, இனிமே அங்க கோடும் போகாது.”