திரு. சோதனை வாங்கிய மேட்னி

கும்மிடிப்பூண்டியின் வரலாற்றை இனி எழுதப் புகுவோர் அதை இரண்டாகத்தான் பிரித்தாக வேண்டும்: ‘துளசி பாரடைஸ்’ திரையரங்கில் கணினி வைப்பதற்கு முன், வைத்ததற்குப் பின். நடுவில் ரயில் வந்தது, சிப்காட் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன என்று சிலர் சொல்வார்கள். வந்திருக்கலாம். அவையெல்லாம் டிக்கெட் வாங்காமல் வந்தவை.

அந்த மாபெரும் திருப்பத்தின்போது அரங்கின் மேலாளராக இருந்து, அதைத் தலைமையேற்று நடத்தும் பேறு பெற்றவன் நான். பெயர் தணிகாசலம். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். பெருமை தானாக வந்து சேரும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. எங்கள் அரங்கின் மவுசு குறைந்து பல காலம் ஆகியிருந்தது. பெயர்ப்பலகையில் ‘ஏ.சி.’ என்று எழுதியிருக்கும். அந்த இரண்டு எழுத்தும் நல்ல நிலையில்தான் இருந்தன. ஞாயிறு மேட்னிக்கே முன்வரிசையில் நாய் வந்து படுத்துக்கொள்ளும், அதை விரட்டக்கூட ஆள் இருக்காது. முதலாளி துளசிராமனுக்கு நஞ்சை நிலங்கள் உண்டு. அரங்கை இழுத்து மூடி நெல் மூட்டை அடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் சென்னைக்குப் போய், ஒரு பெரிய வணிக வளாகத்தில் படம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“தணிகாசலம், அங்க டிக்கெட்டே கிழிக்கல நைனா! ஒரு பொண்ணு குந்திக்கினு பொட்டியத் தட்டுது, சீட்டு வருது. கூட்டம் அள்ளுது.”

கூட்டம் பெட்டியால் வருகிறது என்பதை முதலாளி அந்த நொடியிலேயே கண்டுபிடித்துவிட்டார். நல்ல படம், கிழியாத இருக்கை, தண்ணீர் வரும் கழிப்பறை போன்ற சில்லறைக் காரணங்களில் அவர் மனம் சிதறவே இல்லை. எங்கள் தொழிலில் ‘பெட்டி’ என்றால் அதுவரை படச்சுருள் வரும் பெட்டிதான். இனி அது வேறு பெட்டி. மவுசு போன அரங்குக்கு மவுஸ் வந்தது.

‘டிக்கெட் மன்னன்’ என்பது அந்த மென்பொருளின் பெயர். அதை ஒரு சிடியில் எடுத்துக்கொண்டு, சென்னைக் கம்பெனியிலிருந்து அத்னான் என்ற இளைஞர் சனிக்கிழமை வந்தார். சொந்த ஊர் பழவேற்காடு. கணினித் திரைக்குச் சந்தனம், குங்குமம் இட்டோம். மவுசின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் திட்டத்தை மட்டும் அவர் தடுத்துவிட்டார். பழைய டிக்கெட்டுக் கட்டுகளை, வாசலில் வேர்க்கடலை விற்பவருக்குப் பொட்டலம் மடிக்கக் கொடுத்து, கடந்த காலத்துக்கு விடை கொடுத்தோம்.

“சார், இது சென்னை சபாக்களுக்காகச் செஞ்சது. டிக்கெட் வாங்குறவங்க பேரைக் கேக்கும். பேரு போடாம நகராது” என்றார் அத்னான்.

முதலாளி உருகிவிட்டார். “நம்ம ஊரு ஆளுங்க பேரெல்லாம் உள்ள ஏறுமா?”

“ஏறும் சார். முதல்ல பழகிப் பாருங்க. பேருக்கு ‘சோதனை’ன்னு போடுங்க.”

“இனிஷியல்?” என்று கேட்டேன்.

“எதையாவது போடுங்க சார்.”

‘ஏ’ என்று போட்டேன். ‘திரு’ என்பதை மரியாதை கருதி நானே சேர்த்தேன். திரையில் அரங்கின் இருக்கைகள் அத்தனையும் பச்சைப்பசேல் என்று இருந்தன. ஒன்றைத் தொட்டேன், சிவந்தது. விற்றாகிவிட்டது என்று பொருளாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் அத்னானின் தங்கை நௌஷீனுக்கு நிக்காஹ். அவர் சீக்கிரம் கிளம்பினார். வாசலில் நின்று, “சார், நாளைக்கு நிஜமா ஆரம்பிக்கும்போது மட்டும், மேல இருக்கிற...” என்று ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பொன்னேரி பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். இருந்திருந்தாலும் எனக்கு மேற்கொண்டு கற்க எதுவும் இருக்கவில்லை.

நான் பயிற்சியைத் தொடர்ந்தேன். தொடத் தொடச் சிவந்தது. ஒரு வரிசை, அடுத்த வரிசை, பால்கனி. அரங்கம் முழுவதையும் திரு. சோதனைக்கே விற்று முடித்தபோது முதலாளி என் பின்னால் நின்று கண் கலங்கினார்.

“இன்னா செவப்பு! இன்னா செவப்பு பாத்தியா!”

ஞாயிற்றுக்கிழமை. கவுன்டரைத் திறந்து கணினியை இயக்கியதும் அது கம்பீரமாக அறிவித்தது: ‘மேட்னி: அரங்கம் நிரம்பியது.’

“நீதானேய்யா தட்டினாய்?” என்று குறுகிய புத்தியுள்ளவர்கள் கேட்கக்கூடும். தட்டியது நான். பதிவு செய்தது கணினி. பதிவானது பதிவானதுதான். நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இந்த நுணுக்கம் புரியும்.

ஜெனரேட்டர் அறையில் கிடந்த ‘ஹவுஸ்ஃபுல்’ பலகையைத் தேடி எடுத்து, பல்லி முட்டைகளைத் துடைத்து, வாசலில் மாட்டினேன். அதன் பிறகு நடந்ததை நான் மட்டுமல்ல, எதிர் டீக்கடைக்காரரும் பார்த்தார். கூட்டம் வந்தது! சும்மா நடந்து போனவர்கள் நின்றார்கள். ஷேர் ஆட்டோக்கள் நின்றன. சிப்காட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் வரிசையில் சேர்ந்தார்கள். பார்க்க முடியாத படத்தைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த வரிசையில் முதலில் நின்றவர்கள் ஓர் இளம் தம்பதி. செல்விக்கு நட்டு, போல்ட்டு பேக் செய்யும் கம்பெனியில் பகல் வேலை. மணவாளனுக்கு இரும்பு உருக்காலையில் இரவு வேலை. கல்யாணமாகி நான்கு மாதம். அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவன் வீடு திரும்புவான். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் எதிரெதிர் பிளாட்பாரத்தில் நின்று கையாட்டிக்கொள்வதுதான் அவர்களின் இல்லறம். ஒற்றை அறை வீட்டில் மாமியார், நாத்தனார், கொழுந்தன் வேறு. இருவருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது அன்றுதான் முதல் தடவை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தாலும் பயனில்லை. டிக்கெட் மன்னனில் அதற்குக் கட்டம் கிடையாது.

“ரெண்டு டிக்கெட் குடு சார்” என்றாள் செல்வி.

“பெயர்?”

“பேரா? இது இன்னா ரேஷன் கடையா?”

“பெயர் இல்லாமல் நகராது.”

“செல்வி. இவரு மணவாளன்.”

தட்டினேன். கணினி மறுத்தது. “மன்னிக்கவும் அம்மா. இடம் இல்லை.”

செல்வி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். “இன்னா சார், உள்ள ஒரு ஈ காக்கா இல்ல!”

“இருக்கைகள் காலியாக உள்ளன. ஆனால் இடம் இல்லை.”

“ரெண்டுக்கும் இன்னா சார் வித்தியாசம்?”

“முன்னது கண்ணுக்குத் தெரிவது. பின்னது கணினிக்குத் தெரிவது.”

பின்னாலிருந்த ஒருவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, “இந்தா, டிக்கெட் எங்கையில கீது, உள்ள உடு” என்றார். டிக்கெட்தான். பழைய ஆட்சியின் டிக்கெட். செல்லாது என்று அறிவித்தேன்.

அப்போது முதலாளி வந்தார். பலகையைப் பார்த்துப் பூரித்து உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

“உள்ள யாரும் இல்லியே நைனா?”

“வெளியே நிற்பவர்கள் டிக்கெட் இல்லாதவர்கள், முதலாளி. டிக்கெட் உள்ளவர் இன்னும் வரவில்லை.”

“உள்ளவரா? எத்தினி பேரு?”

“ஒருவர். திரு. ஏ. சோதனை.”

“ஒத்த ஆளு மொத்த தியேட்டரையுமா!” முதலாளி குரலைத் தாழ்த்தினார். “பெரிய எடத்து ஆளா இருப்பாரு. ஒரு கலர் சோடா வாங்கி வை.”

இருந்தாலும் கடமை உணர்வால் அத்னானின் கைபேசிக்கு அடித்தேன், அணைந்திருந்தது. வீட்டு எண்ணில் அவருடைய தாயார் பீவி ஜான் எடுத்தார்.

“இங்க நிக்காஹ் நடந்துக்கினு இருக்குது. இன்னா வேணும்?”

“அம்மா, எங்கள் அரங்கம் நிரம்பிவிட்டது.”

“நல்லதுதானே?”

“உள்ளே யாரும் இல்லை.”

“உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார் கனிவாக.

“கணினியில் நிரம்பியிருக்கிறது, அம்மா.”

“அப்போ அத்த அணைச்சிட்டு ஆளுங்கள உள்ள உடுங்க. நான் போயி பிரியாணிச் சட்டிய எறக்கணும்.”

தொழில்நுட்பம் அறியாதவர்கள் இப்படித்தான். பிரச்சினையைத் தீர்ப்பதிலேயே குறியாக இருப்பார்கள்.

நேரம் வந்தது. காலந்தவறாமை எங்கள் அரங்கின் உயிர்மூச்சு. மணி அடித்தோம், விளக்கை அணைத்தோம், படத்தைப் போட்டோம். காலி இருக்கைகளிடம் ‘புகை பிடிக்காதீர்’ என்று ஸ்லைடு காட்டி வேண்டிக்கொண்டோம். வெளியே கூட்டம் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு வெயிலில் நின்றது. இரவு வேலை முடித்து வந்த மணவாளன் தூணில் சாய்ந்து, நின்றபடியே தூங்கினான், விழப்போகும்போது விழித்தான்.

“வா செல்வி, ஊட்டுக்குப் போலாம்.”

“ஊட்டுக்குப் போயி? உங்கம்மா எதிர்ல குந்திக்கினு வெங்காயம் உரிக்கிறதா?” அவள் குரல் உடைந்தது. “ஒரு நாளு. ஒரே ஒரு நாளு பக்கத்துல குந்தலாம்னு வந்தா, இந்தப் பொட்டி பேஜாரு பண்ணுது.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், அப்படியே என் கம்பித் தடுப்புக்குள் எட்டிக் கணினித் திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புருஷனின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“சார், இவருதான்.”

“எவர்?”

“சோதனை.”

மணவாளனுக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்தது. “நானா?”

“நீதான். சும்மா இரு.”

நான் அவ்வளவு எளிதில் ஏமாறுகிறவன் அல்ல. “இனிஷியல்?” என்று மடக்கினேன்.

“ஏ” என்றாள் செல்வி.

“தகப்பனார் பெயர்?”

“‘ஏ’-ல இன்னா வருமோ அது.”

கணினியில் இருந்ததோடு எழுத்துப் பிசகாமல் பொருந்தியது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். “வர வேண்டும், திரு. சோதனை. தங்களுக்காகத்தான் படமே ஓடிக்கொண்டிருக்கிறது.”

“ட்ரெயினு லேட்டு” என்றான் மணவாளன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

முதலாளி தம் கையாலேயே சோடாவை நீட்டினார். மணவாளன் பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் செல்வியிடம் கொடுத்தான். பணக்காரர்களின் எளிமையைக் கண்டு முதலாளி நெகிழ்ந்தார்.

“மீதி இருக்கைகளுக்கு உரியவர்கள்?” என்று பணிவுடன் கேட்டேன்.

செல்வி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். வெயிலில் சிவந்த முகங்கள், எண்ணெய்க் கறை படிந்த சட்டைகள், இடுப்பில் குழந்தைகள்.

“எல்லாம் நம்ம சொந்தக்காரங்கதான் சார்” என்றவள், கையை வீசிக் குரல் கொடுத்தாள். “இன்னா நின்னுக்கினு கீறீங்க? கல்யாண விருந்துன்னு நெனச்சிக்கினு உள்ள வாங்கப்பா!”

வந்தார்கள். கதவு ஒரு பக்கம் கழன்றது. சில நேர்மையாளர்கள் நோட்டை நீட்டினார்கள், உறுதியாக மறுத்துவிட்டேன். விற்ற டிக்கெட்டுக்கு மறுபடி காசு வாங்குவதற்குப் பெயர் பிளாக். துளசி பாரடைஸில் அது நடக்காது.

உள்ளே விசில் பறந்தது. முதலாளி கதவிடுக்கில் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். “பொட்டி வந்த நேரம் நைனா! நெல்லாவது, மூட்டையாவது. செத்தாலும் இத்த மூட மாட்டேன்.”

படம் முடியும் தறுவாயில், புதுச் சட்டையும் அத்தர் வாசனையுமாக, ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு அத்னான் வந்து இறங்கினார். “எங்கம்மா போயிப் பாருன்னாங்க சார். மேனேஜருக்கு வெயில்ல ஏதோ ஆயிடுச்சுன்னு...” என்றவர் கணினியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார்.

“சார், இது பயிற்சித் திரை! மேலயே போட்டிருக்கே, ‘பயிற்சிக்கு மட்டும்’னு. நேத்து அதத்தான் சொல்ல வந்தேன்.”

ஒரு பொத்தானை அமுக்கினார். இருக்கைகள் அத்தனையும் பச்சையாயின. “நெசக் கணக்குல இன்னிக்கு ஒரு டிக்கெட்கூட விக்கல.”

ஆள் இல்லாதபோது நிரம்பியிருந்த அரங்கம், மூச்சு விட இடமில்லாதபோது காலியாகிவிட்டது. கணினியின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“அப்போ... அந்தச் சோதனை?” என்றார் முதலாளி.

“அப்படி ஒருத்தரே இல்ல சார்.”

“சோடா குடிச்சாரே!”

கதவுகள் திறந்தன. கூட்டம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. கடைசியில் வந்தார்கள் செல்வியும் மணவாளனும். மணவாளனின் கன்னத்தில் புடவைக் கரையின் சரிகைக் கோடு பதிந்திருந்தது.

“இன்னாம்மா, படம் நல்லா இருந்துச்சா?” என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“தெரியாது சார். உக்காந்ததும் இவரு என் தோள்ல தூங்கிட்டாரு. எழுந்திருச்சிடப் போறாருன்னு நான் அசையவே இல்ல.” சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

முதலாளியின் கோபம் அங்கேயே நின்றுபோனது. கழன்ற கதவைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் நிறுவனத்தின் மானத்தைக் காக்க நான் ஒருவன் இருந்தேன். முன்னால் போய் நின்றேன்.

“அம்மா, எல்லாம் சரி. பொய்ப் பெயர் சொல்லி ஓர் அரங்கத்துக்குள் நுழைவது முறையா?”

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்பை அடக்குகிற முகம்.

“சொந்தப் பேரச் சொல்லி ரெண்டு சீட்டு கேட்டோம், எடமில்லன்னீங்க. இல்லாதவன் பேரச் சொன்னோம், எழுந்து நின்னு கும்புட்டு மொத்த தியேட்டரையும் குடுத்தீங்க. இதுல பொய்யி யாருது சார், எங்களுதா?”