ஏழு போன்களும் அண்ணியின் விளக்கமும்

இல்லண்ணா, எனக்கு வேலை கிடைச்சுடுச்சுன்னு அம்மா அனுப்பின செய்தி பாதிதான் உண்மை. மீதியைக் கேட்டா நீ கப்பலையே திருப்பச் சொல்லுவே.

அன்புள்ள அண்ணனுக்கு, மரியாதையுள்ள தம்பி எழுதுவது. மரியாதை இன்றைக்கு மட்டும்; காரணம் கீழே வருகிறது. இங்கு அனைவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். அம்மா நலம், நான் நலம், அண்ணியைப் பற்றிச் சாயங்காலம்தான் சொல்ல முடியும்.

நம்ம டப்பா இருக்கான் இல்ல, என்கூடவே காலேஜை விட்ட டிரம்மர், அவன் ஒரு பாட்டுப் போட்டான். அண்ணி வேலை பார்க்கிற அதே ஆன்லைன் பாட்டுக் கம்பெனியிலதான் ஏத்தினான். இத்தனை நாளா அதைக் கேட்டது அவனும் அவன் அம்மாவும். அந்த அம்மாவும் பாதியில நிறுத்திட்டாங்க. என் கருத்து உனக்குத் தெரியும்: இந்த ஆப்புங்க வந்தப்புறம் பாட்டு யாருக்கும் சொந்தமில்ல, எல்லாரும் வாடகைக்குத்தான் கேக்கறோம். அதுலயும் அரை நிமிஷம் ஓடினாத்தான் கணக்குல சேரும்னு சட்டம் வேற, அதனால எல்லாப் பாட்டும் பொறந்த உடனே கத்துது. டப்பா பாட்டு மெதுவா ஆரம்பிக்கும். நல்ல பாட்டுண்ணா. அநியாயமா சாகுதேன்னு, வீட்ல கிடந்த பழைய போன் ஏழையும் தூசி தட்டி, பீரோ மேல வரிசையா வெச்சு, சத்தத்தை சுத்தமா குறைச்சு, ஓடவிட்டேன். விடாம ஓடுச்சு.

அண்ணிக்கு என்ன வேலைன்னு நம்ம வீட்ல யாருக்காவது தெரியுமா? கம்ப்யூட்டர்ல ஏதோ. ரவுட்டர் படுத்துட்டா அம்மா அண்ணியைத் தாண்டி வந்து என்னை எழுப்புவாங்க. நானும் பெரிய மேதாவி மாதிரி வயரைப் பிடுங்கி மறுபடி சொருகுவேன். அண்ணி ஓரமா நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, இந்த மாதிரி கள்ளத்தனமா பாட்டு ஓட்டறவங்களைப் பிடிக்கிற புரோகிராமே அவங்க எழுதினதாம். அது முதல் முதல்ல பிடிச்ச வீடு, அவங்க வீடு.

காலையில அண்ணியோட மேனேஜர் வீடியோவுல வந்துட்டாரு. "உங்க வீட்டு இணைப்புலேர்ந்துதாம்மா வந்திருக்கு. நீங்களே பண்றீங்களா, இல்ல உங்களுக்கே தெரியாம நடக்குதா? ரெண்டுல எது பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க." அண்ணிக்கு வேலையே போயிடும் போலிருந்துச்சு. ஏழு போனையும் ஒரு துண்டுல மூட்டை கட்டிக்கிட்டு நேரா உள்ள போய், கேமரா முன்னாடி கொட்டினேன். "சார், நான்தான்."

சிரிக்கிறாருண்ணா! "ஏழு போனா! என்ன தம்பி படிச்சிருக்கே?"

"பாதியில விட்டுட்டேன் சார்."

"அதானே பார்த்தேன்! இந்த மூளைதான்யா நமக்கு வேணும். நாளைக்கே ஆபீசுக்கு வா."

கதவோரம் நின்ன அம்மா இதோட கிளம்பிப் போய் உனக்குச் செய்தி தட்டிவிட்டாங்க. அடுத்ததைக் கேக்கல. மனுஷன் சிரிப்பைத் துடைச்சுட்டு அண்ணி பக்கம் திரும்பி, "வீட்ல நடக்கிறதே தெரியலைன்னா எப்படிம்மா? சாயங்காலத்துக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க. மேலிடம் என்ன முடிவெடுக்குமோ, நான் பொறுப்பில்ல"ன்னாரு. ஏமாத்தினவன் கெட்டிக்காரன், பிடிச்சவங்க கவனக்குறைவு. இது எந்த ஊரு நியாயம்ணா?

"வேலை வேணாம்னு சொல்லிடறேன் அண்ணி"ன்னேன்.

"ஐயோ சாமி, அதைப் பண்ணித் தொலைக்காதே. வேலையை உதறினா அதுக்கும் உன்னைத்தான் மெச்சுவாங்க. எனக்காக நீ தியாகி ஆக வேணாம். உட்காரு. எந்தப் போன், எப்படி ஓட்டினே, எல்லாத்தையும் எழுது. உன் வீரக் கதை வேணாம்."

எழுதிக் குடுத்தேன். படிச்சுக்கிட்டே வந்த அண்ணி நடுவுல நிறுத்தி, "ஏழையும் ஒரே நொடியில ஓடவிட்டியா?"

"ஆமா."

"அதான் மாட்டினே. மனுஷங்க அப்படிச் சேர்ந்து தட்டுவாங்களா, மண்டு?"

மண்டுன்னாங்கண்ணா! கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து 'தம்பி'யைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்ல. அப்புறம் நான் எழுதினதோட அவங்க அறிக்கையையும் சேர்த்து, மேனேஜர் தலைக்கு மேல இருக்கிற பெரிய மேடத்துக்கே அனுப்பிட்டாங்க. இப்போ கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. மேனேஜர் என் போனுக்கு அடிச்சுக்கிட்டே இருக்காரு, நான் எடுக்கல. அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் என் பெருமையைச் சொல்லிட்டிருக்காங்க, அது வேற காதுல விழுது. அந்த வேலைக்கு நான் செத்தாலும் போக மாட்டேன். தியாகமெல்லாம் இல்லண்ணா, வெட்கம்.

உன் கடல் அமைதியா இருக்கட்டும், சமையல்காரர் உப்பைப் பார்த்துப் போடட்டும். அம்மா ஆசி சொல்லச் சொன்னாங்க. அண்ணி ஒண்ணும் சொல்லல.

உன் தம்பி

பின்குறிப்பு: செத்தாலும் போக மாட்டேன்னு எழுதினதை அடிச்சுடு. அந்தப் பெரிய மேடம் அண்ணியைப் போன்ல கூப்பிட்டுட்டாங்க. சொந்த வீட்டையே விடாத புரோகிராமான்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷமாம். விளக்கம் வேணாமாம். மேனேஜரைப் பத்திப் பேச்சே இல்லையாம். அந்தப் புரோகிராமை ஏமாத்திப் பார்த்து சோதிக்கத் தனிக் குழு, அண்ணிதான் தலைமை. "அந்தப் பையனை எடுத்துக்கலாமா?"ன்னு அவங்க கேட்டதுக்கு அண்ணி, "நேர்காணல் வெச்சுப் பார்க்கிறேன் மேடம்"னாங்களாம். நல்ல சட்டையா மாத்திக்கிட்டு, கதவைத் தட்டிட்டு வரணுமாம். இஸ்திரி போட்டது ஒண்ணுகூட இல்ல, உன்னோடதைத்தான் எடுத்திருக்கேன். போகணும்ணா, கூப்பிடறாங்க.