லின்னை வென்ற லாசெல்ஸ்

"எனக்கா வாணலி பிடிக்கத் தெரியாது? பார்த்துடலாம்!" என்று சபதம் போட்டுவிட்டுத்தான் லாசெல்ஸ் சனிக்கிழமை காலை வீட்டைவிட்டு இறங்கினான். மனைவி சமைத்ததைச் சாப்பிடும்போது, "நூடுல்ஸ் லின் கடை மாதிரி இல்லையே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டிருந்தான். அவ்வளவுதான்.

"சுடுதண்ணியையே அடிப்பிடிக்க வைக்கிற ஆம்பளை, வாயப் பாரு!" என்றாள் மனைவி மெர்லீன்.

மானமுள்ள எந்தக் கிங்ஸ்டன்காரன் பொறுப்பான்? நேரே லின் கடைக்குப் போனான். மூன்று தலைமுறையாக இங்கே வாணலி பிடிக்கிற சீனக் குடும்பம். கோழி நூடுல்ஸின் பக்குவத்தைச் சொந்த மாப்பிள்ளைக்கே சொல்லாதவர் லின். டொமினோ கட்டை ஆட்டத்தில் தோற்றதும் கிடையாது. ஞாயிறு தவறாமல் அவரிடம் தோற்றுவிட்டு வருகிறவன் லாசெல்ஸ்.

"அண்ணே, ஒரு ஆட்டம். ஜெயிச்சா பக்குவத்தைச் சொல்லணும்."

"தோத்தா?"

"ஒரு மாசம் உங்க கடைவாசலைப் பெருக்கறேன்."

ஜெயித்தேவிட்டான்! கடைசிக் கட்டையை அவன் மேசையில் அறைந்த அறையில் சோயா சாஸ் பாட்டில் உருண்டது. லின் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "இஞ்சியும் சோயாவும் எங்க தாத்தா ஊரு. தைம் இலையும் போனட் மிளகாயும் நம்ம ஊரு. மிளகாய முழுசாப் போடு, உடையவிடாதே. உடைஞ்சா தெருவே அழும்."

மறுநாள் முற்றத்தில் கரியடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. பக்கத்து வீட்டு இசில்டா வேலிமேல் எட்டிப்பார்த்தாள்.

"மெர்லீன், உன் வீட்டுக்காரரா சமைக்கிறாரு? தீயணைப்பு வண்டிக்குச் சொல்லட்டுமா?"

"தட்டை எடுத்துட்டு வா, அப்புறம் பேசு!" என்றான் லாசெல்ஸ்.

மிளகாய் உடையவில்லை. இசில்டா தட்டை வழித்து நக்கினாள். மெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தோத்துட்டேங்க. இனிமே ஞாயித்துக்கிழமை இந்த வாணலிய நான் தொட மாட்டேன்."

"தொடவே கூடாது! இது ஆம்பளை வேலை!" என்று முழங்கினான். தெருவே கைதட்டியது. அன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு மெர்லீனும் இசில்டாவும் தொப்பி சகிதம் கடற்கரைக்குப் பஸ் ஏறினார்கள். "ரெண்டு பேருக்கும் எடுத்து வையுங்க, வர சாயங்காலமாகும்!" டொமினோ அவன் இல்லாமலே நடந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை.

போகட்டும், லின்னையே ஜெயித்தவன் என்ற பெருமையை யார் பறிக்க முடியும்? சோயா சாஸ் வாங்கப் போனவன் மீசையை முறுக்கினான்.

"என்னண்ணே, இன்னொரு ஆட்டம் ஆடறீங்களா, பயமா இருக்கா?"

"ஆடலாம் தம்பி," என்றார் லின், பாட்டிலைக் காகிதத்தில் சுற்றியபடி. "இந்தத் தடவையும் நான் தோக்கணுமான்னு மெர்லீனைக் கேட்டுட்டு வா."