கால் தரையில் குத்தவில்லை

இரண்டு கால் உள்ளவன் வழுக்கி விழுந்தால் ஊர் சிரிக்கும். ஒரு கால் உள்ளவன் விழுந்தால் "ஐயோ பாவம்" என்னும். இரண்டு வகையிலும் விழுந்து பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன், சிரிப்பே மேல்.

என் வலது கால் முழங்காலுக்குக் கீழே யேமனில் போனது. அங்கே கடலோர நகரம் ஒன்றில், ஓர் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தேன். சண்டை முற்றியபோது கூட வேலை பார்த்த நம்மூர்க்காரர்கள் எல்லாரும் மூட்டை கட்டினார்கள். நான் மட்டும், "நானும் போனால் ஆஸ்பத்திரிக்குக் கரண்டு யார் கொடுப்பது?" என்று பெரிய மனுஷனாக நின்றேன். ஒருநாள் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் குண்டு விழுந்தது. எனக்குக் கால் போனது. ஜெனரேட்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. (இன்னமும் நன்றாக ஓடுகிறதாம். சர்வீஸ் செய்தது நானல்லவா!)

செயற்கைக் கால் பொருத்திய இடத்தில் ஒரு சைக்கிள் டீம் இருந்தது. என்னோடு சேர்த்து எட்டுப் பேர், எல்லாருக்குமாக ஒன்பது கால். (ஒருவருக்குப் போனது கை.) கேப்டன் ஜமால், கண்ணிவெடியில் இடது காலை விட்ட மீன்காரர். காலையில் கடற்கரை ரோட்டில் ராணுவச் சோதனைச் சாவடி வரை போய்த் திரும்புவோம். அதைத் தாண்டினால் சுடுவார்கள். ஆகவே எவ்வளவு தூரம் ஓட்டுவது என்பதில் எங்களுக்குள் தகராறே வந்ததில்லை.

செயற்கைப் பாதம் பெடலில் நிற்காது, நழுவும். அதனால் பழைய டியூபைக் கிழித்துப் பெடலோடு இறுக்கிக் கட்டிவிடுவோம். கட்டிவிட்டால் சாயும்போது அந்தக் காலை ஊன்ற முடியாது. தினமும் யாராவது விழுவார்கள். டீமில் ஒரே ஒரு சட்டம்தான்: முதலில் சிரிக்க வேண்டும், பிறகுதான் கை கொடுக்க வேண்டும். நான் முதல் நாள் விழுந்தபோது ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கால் போன பிறகு நானும் முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு வழியாக ஊர் வந்து சேர்ந்தேன். குமரி மாவட்டத்து அருமனையிலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்குள் இறங்கிப் போகும் ரோட்டில் எங்கள் வீடு. என் மனைவி ஷீபா கல்யாணத்தன்று பாதிரியார் தும்மியதற்கே சிரித்தவள். இப்போது வீட்டுக்குள் பூனைபோல நடந்தாள். சாளை மீனில் முள்ளெடுத்துக் கொடுத்தாள். (போனது கால் என்பதை அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது?) டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்து எனக்கு இடம் விடுவார்கள். அப்புறம் திரும்ப உட்காரவே மாட்டார்கள். அவ்வளவு நீளப் பெஞ்சில் நான் ஒருவன் மட்டும் சாயா குடிப்பேன். குண்டு விழுந்த ஊரில் இல்லாத தனிமை என் சொந்த ஊரில் இருந்தது.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, விடியற்காலையில் ரப்பர்த் தோட்டத்துப் பாதையில் தனியாக ஓட்டினேன். விழுந்ததும் பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பேன். யார் சிரிப்பார்கள்? ரப்பர்க் காய் வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். (ஆரம்பத்தில் அதற்கும் தலையைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.)

அப்போதுதான் ஓணத்துக்கு எங்கள் ஊர் கிளப்பில் ஸ்லோ சைக்கிள் போட்டி அறிவித்தார்கள். கடைசியாக எல்லையைத் தொடுகிறவன் ஜெயித்தவன். நடுவில் கால் தரையில் குத்தினால், அதாவது ஊன்றினால், அவுட். நான் பெயர் கொடுத்தேன். ஜெயிக்க வேண்டும் என்றில்லை. நாலு பேரோடு நின்று, நாலு பேரைப்போல அவுட்டாகி, நாலு பேர் கூவிக் கிண்டல் செய்ய வீடு திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"இஞ்ச பாருங்க, வேண்டாம். ஊரு முழுக்க பாத்துக்கிட்டு நிக்கும்" என்றாள் ஷீபா.

"பாக்கட்டு. அதுக்குத்தானே போறேன்."

"விழுந்தா?"

"விழுந்தா சிரிப்பாங்க."

குண்டு தலையிலும் பட்டிருக்குமோ என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஐந்து பேர் நின்றோம். என் வலது பக்கம் ஒலிபெருக்கி கட்டிய கமுகுத் தூண். இடது பக்கம் கணக்கு வாத்தியார் டென்னிசன். மைக்கில் கிளப் செயலாளர், "யுத்த பூமியிலேர்ந்து வந்த நம்ம ஊருக்க வீரன்!" என்று தழுதழுத்தார். டீசல் ஊற்றப் போனவன் வீரனாகிவிட்டேன். சில பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

விசில் ஊதினார்கள். பத்தடி கூடப் போயிருக்க மாட்டேன், சைக்கிள் வலது பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்துக் கால்தான் பெடலில் கட்டியிருக்கிறதே! (வேகமாக ஓட்டக் கற்ற வித்தையை மெதுவாக ஓட்டும் போட்டிக்குக் கொண்டுவந்த மகாபுத்திசாலி நான்.) ஹேண்டில்பார் கமுகுத் தூணில் போய் மாட்டிக்கொண்டது. பயத்தில் நான் இடது பக்கம் பாய்ந்தேன். கால் கழன்றது. வாத்தியாரையும் அவர் சைக்கிளையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டு மல்லாக்க விழுந்தேன். என் நல்ல கால் அவருடைய ஹேண்டில்பாரில் சிக்கி வானத்தைப் பார்த்தது. செயற்கைக் காலோ, தூணில் சாய்ந்து நின்ற சைக்கிளின் பெடல்மேல், ஷூ சாக்ஸ் சகிதம் கம்பீரமாகத் தனியே நின்றது.

இதற்குச் சிரிக்காவிட்டால் உலகத்தில் வேறு எதற்குச் சிரிப்பார்கள்? நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். மைக்கில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்கள். "ஐயோ" என்று ஒரு பெருமூச்சு மைதானத்தைச் சுற்றி வந்தது.

எனக்கு அடியிலிருந்து வாத்தியார் கேட்டார்: "ஒண்ணும் பற்றல்லியே மக்கா, அடி கிடி உண்டா?" அவருடைய கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது, இரண்டு காலும் தரையில் ஊன்றியிருந்தன.

மற்ற மூன்று பேரும் அந்தந்த இடத்திலேயே காலைக் குத்தி இறங்கி, சைக்கிளைப் போட்டுவிட்டு என்னைத் தூக்க ஓடி வந்தார்கள். நடுவர் செல்லப்பன் அண்ணன், ரிட்டயரான போஸ்ட்மேன், பெடலில் நின்ற காலைக் குனிந்து பார்த்தார். அப்புறம் என்னுடைய மற்ற காலைப் பார்த்தார். சட்டத்தை யோசித்தார்.

"காலு தரையில குத்தல்லியே" என்றார்.

"அண்ணா, நான் விழுந்து கெடக்கேன். அவுட்டு குடுங்க."

"விழப்பிடாதுன்னு சட்டம் இல்ல மக்கா. காலு குத்தப்பிடாது. இவனுவ நாலு பேரும் குத்தியாச்சு. நீதான் ஜெயிச்ச."

"அண்ணா, கெஞ்சிக் கேக்கேன். அவுட்டுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்லவில்லை. முதல் பரிசு, பச்சை நிறப் பிளாஸ்டிக் பக்கெட். ஊரே எழுந்து நின்று கை தட்டியது. பல பேர் கண் துடைத்தார்கள். அத்தனை கைதட்டலுக்கு நடுவில் இருந்ததுபோல் நான் என்றைக்கும் தனியாக இருந்ததில்லை. மனசு விட்டுப்போயிற்று. இனி சைக்கிளைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

காலை மாட்ட முடியாதபடி முழங்கால் வீங்கியிருந்ததால் ஆட்டோ பிடித்தோம். எனக்கும் ஷீபாவுக்கும் நடுவில் பக்கெட், பக்கெட்டுக்குள் கால். பாலம் தாண்டியதும் அவள் தோள் குலுங்கியது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"கரையாதீங்க அக்கா, கண்ணத் தொடைங்க. கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

அவ்வளவுதான். ஷீபா உடைந்தாள். "காலு... தரையில... குத்தல்லியே!" என்று பக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள். மூக்கு ஒழுகச் சிரித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். எட்டு மாதமாக வீட்டுக்குள் இல்லாமலிருந்த என் பெண்டாட்டி அந்த ஆட்டோவில் திரும்பி வந்தாள். அப்புறம் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடக் கை நீட்டினாள். முதலில் சிரிப்பு, பிறகு கை. அந்தச் சட்டத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் எதில் தோற்றாலும், பிள்ளைகள் பரீட்சையில் கோட்டை விட்டாலும், "காலு தரையில குத்தல்லியே" என்றுதான் ஆறுதல் சொல்வார்கள். அந்தப் பக்கெட்டில் ஷீபா மீன் கழுவுகிறாள். முள்ளை நானே எடுத்துக்கொள்கிறேன். சைக்கிளும் ஓட்டுகிறேன்.

அன்று இரவே நடந்ததையெல்லாம் அரைகுறை அரபியில் பேசி கேப்டன் ஜமாலின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பியிருந்தேன். மூன்று வாரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேச்சே இல்லை, வெறும் சிரிப்பு. காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏழு பேர் சிரிக்க வேண்டும்.

"எத்தன பேரு?" என்று கேட்டாள் ஷீபா.

"மூணு."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அந்த மூன்று பேருக்கும் நான் விழுந்ததை நினைத்து நினைத்துச் சிரித்து அனுப்பினாள்.